டீத்தண்ணிக் குடிகாரர்

என் வீட்டுக்காரர் குடியை நிறுத்திய பிறகுதான் ஊர் ஊராகப் போய்க் குடிகாரராக நடித்தார். அதற்கு அரசாங்கம் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கொடுத்தது. அவருக்கு மனைவியாக நடித்தது நான்தான். அந்த வேடத்துக்கு என்னைவிட அதிகமாக ஒத்திகை பார்த்தவள் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்திருக்க முடியாது.

எங்கள் வீட்டுக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள உறவை முதலில் சொல்லிவிடுகிறேன். இவருக்கு அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிற வேலை. அறுவடைக் காலத்தில் கையில் காசு நன்றாகப் புழங்கும். வாங்கிய கையோடு அதைப் பக்கத்திலிருக்கும் அரசு மதுக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். கல்லீரல் கெட்டு வயிறு வீங்கியபோது அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, காசு வாங்காமல் வைத்தியம் பார்த்து, குடியை மறக்க வைக்கும் வார்டில் படுக்கையும் கொடுத்தார்கள். தேறி வந்தவரை அரசாங்கமே நாடகத்தில் போட்டது. என் மாமியாரும் இப்படித்தான். ராத்திரி மகனுக்கு முந்தானையிலிருந்து காசு அவிழ்த்துக் கொடுப்பார், காலையில் அதே மகனுக்கு மோர் கரைத்துக் கொடுப்பார், பிறகு அடுப்படிக்கு வந்து, "நீதாண்டி அவனத் திருத்தணும்" என்று என்னிடம் மூக்கைச் சிந்துவார். அரசாங்கத்தின் மேல் எனக்கு வருவதும் அதே கோபம்தான். நன்றாகச் சண்டை போடுவேன், ஆனால் உறவை முறித்துக்கொள்ள மாட்டேன்.

வார்டில் கூடவே தங்கியிருந்தேன். ஆரம்பத்தில் அவருக்கு டம்ளரைப் பிடிக்கக்கூட முடியாமல் கை உதறியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று சொல்லி வெறும் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே ஒரு வாய் குடிச்சாலும் ஈரல் தாங்காதும்மா, நான் சும்மா பயமுறுத்தல" என்றார். இவரிடமும் அதையே நேருக்கு நேராகச் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். தலையாட்டுவதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் நான் நம்பவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்தவர் உண்மையாகவே நிறுத்திவிட்டார். குறுவை அறுவடை முழுவதும் மூட்டை தூக்கினார், சாயங்காலமானால் நேராக வீட்டுக்கு வந்தார். நான்தான் நிம்மதியாக இல்லை. கொஞ்சம் நேரமானாலும் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடப்பேன். தூரத்தில் சைக்கிள் லேசாக வளைந்து வந்தால் போதும், எதிரே ஓடுவேன். பக்கத்தில் வந்து பார்த்தால், பாவம், ரோட்டில் காய்ந்துகொண்டிருக்கும் நெல்லை மிதிக்காமல் ஒதுங்கி வந்திருப்பார்.

வார்டில் மாதாமாதம் ஒரு கூட்டம் நடக்கும். குணமானவர்கள் வந்து பேச வேண்டும், மாத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் கலெக்டர் ஆபீஸிலிருந்து, விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைக் கவனிக்கிற அதிகாரி அம்மா ஒருவர் வந்திருந்தார். இவரைப் பேசச் சொன்னதும் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு, "எனக்குப் பேச வராதுங்க. வேணும்னா எப்பிடி நடப்பேன்னு நடந்து காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு நடந்து காட்டினார். நடுவில் ஒரு நாற்காலியிடம் வழி கேட்டார், அது பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார். படுக்கையில் கிடந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

அதிகாரி அம்மாவுக்கு இவரை விட மனமில்லை. அவரிடம் பறை அடிக்கிற நான்கைந்து பேர் கொண்ட ஒரு கலைக்குழு இருந்தது. குழுவில் ஒருவருக்கும் குடிப்பழக்கம் கிடையாது, அதனால் ஒருவருக்கும் குடிகாரராக நடிக்க வரவில்லை. "நீங்க வந்தே ஆகணும்ணே" என்று குழுத் தலைவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டிலைக் கையில் எடுக்க வேண்டியிருக்குமே என்று வார்டு டாக்டர்தான் யோசித்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பாட்டிலை நான் கழுவ வேண்டும், உள்ளே ஊற்றும் டீயை நான் போட வேண்டும், நாடகம் தொடங்கும் வரை பாட்டில் என் கையிலேயே இருக்க வேண்டும்.

அப்படித்தான் பாட்டிலோடு நானும் கூடப் போக ஆரம்பித்தேன். காலிப் பாட்டிலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. வெந்நீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காய வைத்து, பால் விடாத டீயை நிரப்பிக்கொள்வேன். "கொஞ்சம் சர்க்கரை போடேன்" என்பார். "குடிகாரனுக்கு எதுக்கு சர்க்கரை?" என்பேன்.

முதல் நாடகம் தாராசுரத்துக்குப் பக்கத்தில் நடந்தது. மனைவியாக நடித்த பெண் கல்லூரியில் படிக்கிறவள். தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, தரையில் விழுந்து, "ஐயோ தெய்வமே" என்று அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. முடிந்ததும் போய், "தங்கச்சி, நாங்கள்லாம் அப்பிடி அழமாட்டோம்மா. அழுதா பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடும்" என்றேன். பின்னே என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். சட்டைப் பையைத் துழாவுவோம், வேட்டி மடிப்பை உதறுவோம், சைக்கிள் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளிப்போம், சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வோம் என்று சொல்லிக்கொண்டே செய்து காட்டினேன். குழுத் தலைவர் பறையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அந்தப் பெண்ணும் பெருந்தன்மையாக, "அக்காவே நடிக்கட்டும் சார், எனக்கு செமஸ்டர் வருது" என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து நானும் நடிகை. நான் சட்டைப் பையை உதறும்போது கூட்டத்திலிருக்கும் பெண்கள் கையைத் தட்டுவார்கள். "உள்பையப் பாருக்கா, உள்பை!" என்று ஒருத்தி கத்துவாள். எனக்கு அது ரொம்பவும் பிடித்திருந்தது. பல வருஷம் மனத்துக்குள் வைத்துத் திட்டியதை மைக் வைத்துத் திட்டச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் அவர் தள்ளாடி நடக்கிற கட்டம் மட்டும் எனக்கு ஆகவே இல்லை. ஊரே சிரிக்கும், நான் பறைக்காரர்களுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே இருப்பது நான் போட்ட டீ என்று தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்க்க முடியாது. அந்த நடையைப் பார்த்துப் பயந்தே பழகிவிட்டேன்.

நாடகம் போடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அதிகாரி அம்மா கெட்டிக்காரர். மதுக்கடைக்கு எதிரிலேயே போடச் சொல்வார். கடை மதியம்தான் திறக்கும், அதற்கு முன்னாலேயே கூட்டம் வந்து காத்திருக்கும். நாம் ஆள் சேர்க்கவே வேண்டாம் என்பார். நாடகம் முடிந்ததும் மைக்கில் ஆஸ்பத்திரி வார்டைப் பற்றிச் சொல்வார். அவர் சொல்லி முடிக்கவும் எதிரே ஷட்டர் மேலே போகவும் சரியாக இருக்கும். பாதிக் கூட்டம் நன்றாகக் கைதட்டிவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் மேடம், அந்தக் கடைய மூடிட்டா இந்த நாடகமே வேணாமே?"

"அது என் செக்‌ஷன் இல்லம்மா" என்றார். மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, மெதுவாக, "நானும் எழுதி அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். அதன் பிறகு அவரிடம் எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. ஒவ்வொரு ஊரிலும் கூட்டம் கலைந்த பிறகு இரண்டொருவர் மட்டும் தயங்கித் தயங்கி வந்து வார்டுக்கு எந்த பஸ்ஸில் போவது என்று கேட்பார்கள். அவர்களைத் தன் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறேன்.

தை மாதக் கடைசியில், பக்கத்து ஜில்லாவிலிருந்து கூப்பிட்டார்கள் என்று சீர்காழி பக்கம் ஒரு ஊருக்குப் போனோம். சம்பா அறுவடை நேரம். ரோட்டின் பாதியில் நெல், மீதியில் பஸ். எல்லாருக்கும் கையில் காசு, முகத்தில் சிரிப்பு. கூட்டமும் வழக்கத்தைவிட அதிகம். முன்வரிசையில் பச்சைத் துண்டு போட்ட ஒருவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பாட்டிலோடு நிற்பதைப் பார்த்து, "அசல் சரக்கா அம்மா?" என்று கேட்டார்.

"டீத்தண்ணிங்க."

"அடப் பாவமே" என்றார். உண்மையாகவே அவர் முகம் வாடிவிட்டது.

அரசாங்க நிகழ்ச்சியில் முதல் வேலை போட்டோ. பேனரைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் நிற்கிற படம் மேலே போனால்தான் நாடகம் நடந்ததாகக் கணக்கு. பேனரின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். பாட்டிலைப் பறை மூட்டையின் மேல் வைத்துவிட்டுப் போனேன். காற்றில் பேனர் சுருண்டு சுருண்டு எழுத்தை மறைத்ததால் போட்டோ எடுக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. திரும்பி வந்து பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நாடகமும் ஆரம்பித்தது.

வழக்கம்போல மூட்டை தூக்கிக் களைத்தவராக வந்தார். துண்டை உதறினார். கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். மூடியைத் திருகி, பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனார். அங்கேயே நிறுத்திவிட்டார்.

கூட்டம் அதையும் நடிப்பென்று நினைத்தது. நான் நினைக்கவில்லை. அவர் மூக்கு விடைத்தது. முன்வரிசையில் பச்சைத் துண்டுக்காரர் கள்ளச் சிரிப்போடு, "குடிங்கண்ணே, குடிங்க" என்று கையைக் காட்டினார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஓடிப்போய்ப் பிடுங்க வேண்டும் என்றுதான் தோன்றியது. கால் நகரவில்லை. டாக்டர் சொன்ன அந்த ஒரு வாய் அவர் உதட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. பறைக்காரர்கள் அவர் குடிப்பதற்காகக் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் நான் பட்ட பாட்டை எதிரிக்குக்கூடக் கொடுக்க வேண்டாம்.

அவர் பாட்டிலை இறக்கினார். மூடியைத் தேடி எடுத்து மூடினார். மரை சரியாக உட்காரவில்லை, மறுபடி திருகினார். பிறகு நான் நின்ற பக்கம் திரும்பினார்.

"இந்தா, இங்க வா. இது நீ போட்ட டீ இல்ல. கொண்டு போயி கொட்டிடு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வசனம் என்று நினைத்துவிட்டார்கள். நான் வாங்கிக்கொண்டு நடந்தேன். ரோட்டை ஒட்டி வாய்க்கால் ஓடியது. அந்தத் தண்ணீர் யார் வயலுக்கோ போகிறதே என்று அதில் கொட்ட மனம் வரவில்லை. கருவேல மரத்தடியில் கவிழ்த்தேன். பின்னாலேயே பச்சைத் துண்டுக்காரர் ஓடி வந்தார்.

"அம்மா, அம்மா! நல்ல சரக்கும்மா! கொட்டாதம்மா!"

"நீதானய்யா ஊத்துன?"

"ஆமாம்மா. எங்க ஊருக்கு ஆட வந்தவங்களுக்கு சோடா வாங்கிக் குடுக்கமாட்டமா? மனுசன் வெறும் டீத்தண்ணியக் குடிச்சிட்டு ஆடிட்டுப் போனா எங்களுக்குத்தானே கேவலம்? டீயக் கொட்டிட்டு என் பங்கத்தான் ஊத்துனேன்."

கடை திறப்பதற்கு முன்னாலேயே அவர் பங்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அடிப்பதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

"அவரு நடிகர் இல்லங்க. குடிச்சிக் குடிச்சி ஆஸ்பத்திரில கெடந்து பொழச்சி வந்தவரு. இதக் குடிச்சிருந்தா செத்துப் போயிருப்பாருங்க" என்றேன்.

அவர் அப்படியே தலையில் கைவைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாதும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. பாவம், அவருக்குத் தெரிந்த விருந்தோம்பல் அவ்வளவுதான்.

அதற்குள் ரோட்டில் பறைச் சத்தம் எழுந்தது. நான் போனதும் நாடகம் நின்றுபோயிருக்கும் என்று நினைத்திருந்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால், என் வீட்டுக்காரர் வெறும் கையை மடக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இல்லாத பாட்டிலை இடுப்பில் சொருகினார். அது கீழே விழுந்துவிட்டது, குனிந்து தேடினார். டிரான்ஸ்பார்மர் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, "மச்சான், ஒல்லியாயிட்டியேடா" என்று விசாரித்தார். மதுக்கடை சேல்ஸ்மேன்கூடப் பாதி திறந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பும் கையில் இன்னொரு செருப்புமாக இவர் ரோட்டை அளந்துகொண்டு என் பக்கம் வந்தார்.

"உள்ள போங்கக்கா, உங்க கட்டம் வந்துட்டு" என்று பறைக்காரர் ஒருவர் என் முழங்கையை இடித்தார். நான் போகவில்லை. கூட்டத்துப் பெண்களோடு நின்றுகொண்டு, என் வீட்டுக்காரரின் அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்து, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.