டேஞ்சர் டைகரின் அம்மாவுக்காக

இன்று மதியம் தாம்பரம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து என் புது ராப் பாட்டை இந்தப் பக்கத்தில் ஏற்றினேன். இயேசுவைப் பற்றியதுதான். ‘பீட் செம, அண்ணா’ என்று எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன்.

முதலில் வந்தது இது: ‘அண்ணா, அம்மாவ ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போய்ட்டாங்க. ஆஸ்பத்திரி எதிர்ல நெட் சென்டர்ல இருக்கேன். ஜெபம் பண்ணுங்க.’

மைக்கைப் பிடித்தால் எனக்கு வாய் மூடாது. இன்று கண்ணை மூடினால் ‘ஆண்டவரே’வுக்கு மேல் எதுவும் வரவில்லை. எதுகைதான் வந்து நின்றது.

கடைக்கார பாய் பார்த்துவிட்டார். “இன்னாப்பா, கண்ணு கலங்கிக்கீது?”

சொன்னேன்.

“நானும் துவா கேக்குறேன். அந்தம்மா பேரு இன்னா?”

“தெரியாது பாய்.”

“புள்ள பேரு?”

“அதுவும் தெரியாது. ‘டேஞ்சர் டைகர்’னு போட்டிருக்கான்.”

பாய் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் ஏந்தினார். “யா அல்லாஹ், டேஞ்சர் டைகரோட அம்மாவ நல்லபடியா எழுப்பி வுடு.”

நான் ஆமென் சொன்னேன்.

இப்போது பாட்டுக்குக் கீழே ‘பீட் செம’ நிறைய வந்திருக்கிறது. அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. பாயும் ‘பதில் வந்துச்சா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

டைகர், பாட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லவே வேண்டாம். அம்மா எப்படி இருக்காங்க?