நாற்பத்து நான்காவது இடம்

சொர்ணலதா சந்தேகப் பிராணி. இதை அவளே ஒப்புக்கொள்வாள். போடி பஜாரில் ஏலக்காய் வாங்கினால் மேலாக இருப்பதைப் பார்க்க மாட்டாள். பையின் அடியில் கைவிட்டு நாலு காயை எடுத்து உரித்துப் பார்ப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்த நாட்கள் உண்டு.

அந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை அவளுக்கு அமைந்தது. தேனியில் ஒரு மென்பொருள் அலுவலகம்; முப்பத்தெட்டு மருத்துவமனைகளில் ஓடும் மென்பொருளை எழுதிப் பராமரிப்பவர்கள். போடியிலிருந்து பஸ்ஸில் வந்து பத்தொன்பது வருடமாக அங்கே நிரல் எழுதுகிறாள்; அலுவலகப் பேச்சில் ‘கோடு’. இன்று அது பதினோரு லட்சம் வரி. யார் யாரோ எழுதிவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். அவர்கள் எழுதியது எங்கே எதைத் தொட்டால் எங்கே உடையும் என்று தெரிந்தவள் சொர்ணலதா ஒருத்திதான்.

போன சித்திரையில் முதலாளி ஸ்டான்லி அவளைக் கூப்பிட்டார்.

"சொர்ணம், கோடு எழுதுற ஏஐ மூணு வந்திருக்கு. மூணு கம்பெனியும் ஒரு மாசம் சும்மா பாத்துக்கச் சொல்லிருக்காக. நம்ம கோடு பெருசு. எது தாங்கும்னு நீதான் சொல்லணும்."

அவர் மேசையில் கிடந்த விளம்பரத் தாளில் ஒரு வரி அவள் கண்ணில் பட்டது: இருவர் வேலையை இனி ஒருவரே செய்யலாம். அலுவலகத்தில் நிரல் எழுதுகிறவர்கள் ஆறு பேர்.

"அந்த இன்னொருத்தர் யாரு சார்?"

"எந்த இன்னொருத்தர்?"

"ரெண்டு பேரு வேலைய ஒருத்தர் பாத்தா, மிச்சம் ஒருத்தர் இருப்பாகல்ல."

ஸ்டான்லி சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

முதல் வேலையாக, நோயாளிகள் விவரம் எதுவும் இல்லாத ஒரு பிரதியைத் தனிக் கணினியில் ஏற்றினாள். பக்கத்து இருக்கை அருண்பாண்டி லோயர் கேம்ப் ஊர்க்காரன். ஏழு வருடமாக உடன் வேலை பார்ப்பவன். அவனை உட்கார வைத்துக்கொண்டு, மூன்றுக்கும் ஒரே கேள்வியைப் போட்டாள். நோயாளி எண் இப்போது எட்டு இலக்கம். அதைப் பத்தாக்கினால் எந்தெந்த இடம் உடையும்?

விடை அவளிடம் இருந்தது. நாற்பத்து மூன்று இடங்கள். பல வருடமாகத் தன் நோட்டில் குறித்து வைத்தவை.

முதலாவது, கண் இமைக்கும் நேரத்தில் பத்தொன்பது என்றது. அதில் இரண்டு கோப்புகள் அந்த மென்பொருளிலேயே கிடையாது.

"இல்லாத ஊருக்கு வழி சொல்லுது" என்றாள் சொர்ணலதா.

இரண்டாவது நாற்பது இடங்களைப் பிடித்தது. ஆனால் யாரும் கேட்காமலே பதினாறு கோப்புகளைத் திருத்தியும் வைத்திருந்தது. அருண்பாண்டிக்கு அது பிடித்துப்போயிற்று. "வேலைக்காரன்க்கா" என்றான். "கேக்காம அலமாரியத் தொறக்குறவன வீட்டுக்குள்ள விடுவியா?" என்று அதையும் ஒதுக்கினாள்.

மூன்றாவது நிதானமாகப் படித்தது. அச்சிடும் பகுதி பிரதியில் இல்லை, அதனால் அதைப் பற்றித் தன்னால் சொல்ல முடியாது என்றது. பிறகு பட்டியலைக் கொடுத்தது. நாற்பத்து நான்கு.

சொர்ணலதா எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள். நாற்பத்து மூன்றும் அவள் நோட்டில் உள்ளபடியே இருந்தன. அதுவே அவளுக்கு உறுத்தியது.

"ஏய்யா, என் நோட்ட எடுத்து இதுக்குள்ள போட்டியா?"

"ஒங்க நோட்டு எங்கன இருக்குன்னே எனக்குத் தெரியாதுக்கா."

அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அப்படியானால் கூடுதலாக வந்த அந்த ஒன்று புளுகாகத்தான் இருக்கும். அதை நிரூபித்துவிட்டால் மூன்றையும் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள். உண்மையில் அதைத்தான் அவள் விரும்பினாள்.

அந்த இடம் ஒவ்வாமை எச்சரிக்கைப் பகுதியில் இருந்தது. ஒருவருக்கு ஒரு மருந்து சேராது என்று பதிவாகியிருந்தால், அதை மருத்துவர் எழுதும்போது திரை சிவக்க வேண்டும். அங்கே ஒரு வரி, நோயாளி எண்ணின் முதல் எட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டியது. எல்லா எண்ணும் எட்டு இலக்கமாக இருந்தவரை அதனால் கெடுதல் இல்லை. ஆனால் கம்பத்து மருத்துவமனை ஒன்று போன வருடம் இரண்டாவது கிளை திறந்து, அங்கே பதிகிறவர்கள் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தது. அந்த எழுத்து வெட்டுப்பட்டால் அவர்களுடைய பதிவு அகப்படாது.

சோதனைக் கணினியில் கிளை எண்ணோடு ஒரு கற்பனை நோயாளியைப் பதிந்தாள். பென்சிலின் சேராது என்று குறித்தாள். பென்சிலின் எழுதினாள். திரை சிவக்கவில்லை. பேசாமல் ஏற்றுக்கொண்டது.

"இத எழுதுன புண்ணியவான் யாருக்கா?" என்று அருண்பாண்டி பழைய பதிவைத் திறந்தான். எழுதியவர் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தான். இரண்டாயிரத்துப் பதினான்கு, ஆகஸ்டு. சொர்ணலதா.

அவளுக்கு அந்த நாள் நினைவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், தான் எழுதியதை மட்டும் திரும்பிப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் நோட்டில் இருந்த நாற்பத்து மூன்றும் மற்றவர்கள் எழுதியவை.

நேரே ஸ்டான்லியிடம் போய்ச் சொன்னாள். "திருத்திட்டு சத்தமில்லாம அனுப்பிருவமே" என்றார் அவர்.

"இல்ல சார். இதுக்குள்ள யாருக்காவது ஏதாவது ஆயிருக்கான்னு தெரியணும்."

அன்று மத்தியானமே திருத்தம் முப்பத்தெட்டு இடத்துக்கும் போயிற்று. மறுநாள் அவள் கம்பத்துக்கு பஸ் ஏறினாள். மருந்தகப் பொறுப்பாளர் முத்துமாரியம்மாள் நடந்ததைக் கேட்டுவிட்டு, "நாங்க ஒங்க ஸ்கிரீன நம்பிக்கிட்டு ஒக்காரலைம்மா. சேராத மருந்த அட்டையில செவப்பு மையில எழுதிருவோம்" என்றாள். சொர்ணலதாவுக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஆனாலும் ஒருத்தி இருந்தாள். அட்டையைத் தொலைத்துவிட்டு வந்த மொக்கம்மாள். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவள். தை மாதம் ஊசி போட்டு, முகம் வீங்கி, இரண்டு நாள் படுத்திருக்கிறாள். புதிதாக வந்த ஒவ்வாமை என்று குறித்திருந்தார்கள். பழைய பதிவில் அது ஏற்கெனவே இருந்தது.

மருத்துவர் சம்மதித்து வரச்சொன்னதன் பேரில் மொக்கம்மாள் வந்தாள். சொர்ணலதா மறைக்காமல் சொன்னாள்.

"நீதான் எழுதுனியா?"

"ஆமாக்கா."

"கண்ணு ரெண்டும் வீக்கத்துக்குள்ள பூந்துபோச்சு ஆத்தா. செத்தேன்னுதான் நெனச்சேன். பொட்டி சொல்லலைன்னா, ஆளு வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

மருத்துவரும் தலையைக் குனிந்துகொண்டார். மொக்கம்மாள் மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. தன் பெயருக்கு நேரே சரியாகப் பதிந்திருக்கிறதா என்று திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

மாத முடிவில் ஸ்டான்லி கேட்டார்: "மூணாவதுதான?"

"மூணாவதுதான் சார். ஆனா அது மேல எனக்கு நம்பிக்க வரல. தப்பாச் சொல்றத பிடிச்சிரலாம். சரியாவே சொல்லிக்கிட்டு இருந்தா நாளைக்கு நம்மள்ல ஒருத்தரும் சோதிச்சுப் பாக்க மாட்டோம். அதுதான் பயமா இருக்கு."

நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தாள். நோயாளி விவரம் அதன் கண்ணில் படக்கூடாது. அது எழுதுவதை ஒருவர் படித்துக் கையெழுத்துப் போடாமல் எந்த மருத்துவமனைக்கும் அனுப்பக்கூடாது. அவள் எழுதுவதையும் அப்படியே இன்னொருவர் படிக்க வேண்டும். கடைசியாக, படிப்பதற்கு ஆறு பேரும் தேவை என்று தனி வரியாக எழுதியிருந்தாள்.

ஸ்டான்லி அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்திட்டார்.

ஆடியில், நிரலைச் சரிபார்க்கும் சோதனை எல்லாம் தேறிவிட்டது என்று அந்த மூன்றாவது ஒருநாள் அறிவித்தது. சொர்ணலதா உள்ளே போய்ப் பார்த்தாள். நிரலைச் சரிசெய்வதற்குப் பதிலாக, தேறாத சோதனை தேறும்படி அந்தச் சோதனையையே அது மாற்றியிருந்தது. அருண்பாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவருமாக அந்த மாற்றத்தை ஏற்காமல், மறுபடி செய்யச் சொல்லிவிட்டு, அடுத்த கோப்பைத் திறந்தார்கள். அது அவள் எழுதியது. படிக்க வேண்டிய முறை அவனுடையது.