இரண்டாவது தட்டு

அந்த மனிதனின் வலது கண்ணைப் போக்கியவன் நான். சண்டையில் யாரோ அடித்தார்கள் என்று பல வருடங்களாகச் சொல்லி வந்தேன். அது பொய்.

அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து போய், கத்தாரில் ஒரு தொழிலாளர் முகாமில் கேம்ப் பாஸாக இருந்தேன். ஐந்நூறு பேருடைய சாப்பாடு என் பொறுப்பு. வளைகுடா நாடுகள் ஆறும் அதுவரை ஒரே சந்தைபோல இருந்தன. பாலும் தக்காளியும் உறைந்த கோழியும் சவூதி எல்லை வழியாக லாரியில் வரும். மற்றவை துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் கப்பல் மாறி வரும். அண்டை நாடுகள் பகைத்துக்கொண்டு கத்தாரை அந்தச் சந்தையிலிருந்து வெட்டிவிட்டன. லாரிகள் எல்லையிலேயே நின்றன. கோழி ஓமான் வழியாகச் சுற்றி வந்தது, விலையும் ஏறியே வந்தது. கம்பெனி சாப்பாட்டுக் காசை ஏற்றவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஆளுக்கு இரண்டு துண்டு என்றிருந்தது ஒன்றானது.

காய்ச்சலில் படுத்தவனின் தட்டை ரூம்காரன் வாங்கிப் போவது முகாமின் வழக்கம். அதற்கு நான் சீட்டு எழுதித் தர வேண்டும் என்று விதி இருந்தாலும், முன்பெல்லாம் நான் சீட்டுக் கேட்டதில்லை. தட்டுப்பாடு வந்ததும் கேட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, சிவகங்கைப் பக்கத்துக் கம்பி கட்டுகிறவன் ஒருவன் சீட்டுக் கேட்டு வந்தான். நான் முட்டை விலைக்காக வியாபாரியிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன். பிறகு வா என்று கையசைத்தேன்.

மதியம் அவன் இரண்டு தட்டுடன் வரிசையில் நின்றான். பரிமாறுகிறவனிடமிருந்து கரண்டியை நானே வாங்கிக்கொண்டேன்.

"சீட்டு எங்கே?"

"காலையில வந்தேனே சார், நீங்கதான் அப்புறம்னீங்க. ரூம்ல அண்ணன் காய்ச்சல்ல கெடக்காரு."

"சீட்டில்லாட்டி ஒரு துண்டுதான். தள்ளி நில்லு."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், கோழி பிளேன்ல வருதாம்டா! பாஸ்போர்ட்டக் காட்டுனாத்தான் தருவாரு!"

வரிசை முழுதும் சிரித்தது. கம்பி கட்டுகிறவனும் சிரித்துக்கொண்டே, தானே ஒரு துண்டை எடுத்து இரண்டாவது தட்டில் வைத்தான்.

"வையடா கீழ! உன்ர அப்பன்ர கோழியே?"

"அப்பனப் பேசாதீங்க சார்."

இரும்புக் கரண்டியால் அவன் முகத்தில் அடித்தேன். காலையில் அவன் வந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நினைவிருந்தும் இரண்டாம் முறை அடித்தேன். கரண்டி விளிம்பு கண்ணில் இறங்கியது. பிறகு மேசைகள் புரண்டன. கொதிக்கும் பருப்பு அண்டா கவிழ்ந்து ஒருவன் கால் வெந்தது. என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். என் விலா எலும்புகள் இரண்டு முறிந்தன. சோற்றிலும் ரத்தத்திலும் வழுக்கி விழுந்தவர்கள் மேல் செக்யூரிட்டிக்காரர்கள் தடியோடு ஏறினார்கள்.

வண்டியில் ஏற்றும்போது அவன் முகத்தில் ஒரு துணியைச் சுற்றியிருந்தார்கள். என் குரல் கேட்டுத் தலையைத் திருப்பினான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

"சார், அந்தச் சீட்ட எழுதிருங்க. அவரு காலையிலேர்ந்து சாப்பிடல."

எழுதினேன். விலாவைப் பிடித்துக்கொண்டு தட்டையும் நானே கொண்டுபோனேன். காய்ச்சல்காரர் எழுந்து உட்கார்ந்து அதை என் காலடியில் கவிழ்த்தார்.

மாலை மானேஜர் வந்தார். "முதல் அடி யார் அடிச்சது? அவன்னா அவன் ஊருக்குப் போவான். நீங்கன்னா நீங்க போகணும்."

அவன்தான் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். பத்தாம் நாள், கட்டு அவிழ்க்காத முகத்துடன் அவனை விமானம் ஏற்றினார்கள். அடுத்த மாதம் கோழி வேறு நாட்டிலிருந்து தாராளமாக வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மறுபடி ஆளுக்கு இரண்டு துண்டு போட்டோம்.

அவனுக்கு நான் எழுதியவை இரண்டு. சீட்டு ஒரு வரி. அறிக்கை ஒன்றரைப் பக்கம்.