கூடத்து வாசலில் வேப்பிலை

அப்பா எங்களைவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலருக்காக அவருடைய நற்குணங்களை எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டார்கள். நற்குணங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அப்பா ஒருமுறை வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னார். அதுவும் கோயில் வளாகத்தில், பங்குத்தந்தையின் முகத்துக்கு நேராக. அதை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றி எழுத எனக்கு வராது.

செங்கல்பட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில், மூன்று பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார் அப்பா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்குவாரியில் வேலை செய்தார், லாரியில் லோடு ஏற்றினார். பிறகு ஒரகடம் பக்கத்திலுள்ள எங்கள் மாதா கோயில் பங்கில் உபதேசியாராகச் சேர்ந்தார். பூசைக்கு மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது, துக்க வீட்டில் செபம் சொல்வது எல்லாம் அவர் வேலை. கோயில் வளாகத்திலேயே ஓர் ஓட்டு வீடு கொடுத்தார்கள். அம்மா சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகளான என்னை அந்த வீட்டில்தான் வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தார்.

பிடியரிசியும் அவர் பொறுப்பில் இருந்தது. எங்கள் பங்கில் வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவந்து டின்னில் கொட்டுவார்கள். ஆதரவில்லாதவர்கள் வீட்டுக்கு அதை அப்பா சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். பெரிய வெள்ளியன்று மறைக்கல்விக் கூடத்துக்கு முன்னால் ஊருக்கே கஞ்சி. எந்தச் சாமி, எந்தச் சாதி என்று யாரையும் கேட்பதில்லை. கஞ்சியை அப்பாதான் கிண்டுவார். கரண்டியை வேறு யாரிடமும் தரமாட்டார். அந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

2011ஆம் ஆண்டின் தவக்காலம். சுற்றிலும் கம்பெனிகள் வந்து, தெற்கத்திப் பையன்கள் வாடகை அறைகளில் நெருக்கியடித்துக் குடியிருந்த காலம். ஒருநாள் காலைப் பூசை முடிந்து பார்த்தால் மூன்று பேர் பெட்டி படுக்கையோடு கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மூவருக்கும் உடம்பெல்லாம் அம்மை. திருநெல்வேலிப் பக்கத்துச் சுடலைதான் பேசினான்.

"ரூமப் பூட்டிட்டாவய்யா. ஊருக்குப் போலாம்னா பஸ்ல ஏத்த மாட்டேங்காவ. இங்க கஞ்சி ஊத்துவாவன்னு சொன்னாவ. எங்களுக்குப் படுக்க ஒரு எடம் கெடைச்சாப் போதும்."

அறையைப் பூட்டிய வீட்டுக்காரர் வேறு யாருமல்ல, எங்கள் பங்குப் பேரவையின் துணைத் தலைவர் அந்தோணி மாமா. இந்த மலர் அவர் கையிலும் இருக்கும். எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதும்மா, நான் பண்ணதத்தான எழுதப் போற" என்றார்.

அப்பா மறைக்கல்விக் கூடத்தைத் திறந்து பாய் விரித்தார். சுடலையின் அம்மா போனில் கேட்டுக்கொண்டார் என்று வாசலில் வேப்பிலை செருகினார். அதுதான் வினையாகிவிட்டது. யாரும் வாய் திறக்காமலே ஊர் முழுக்க விஷயம் தெரிந்துபோனது. அந்த ஞாயிறு பிடியரிசி டின்னில் அடி தெரிந்தது. மறைக்கல்விக்கு ஒரு வீட்டிலிருந்தும் பிள்ளைகளை அனுப்பவில்லை. பூசை முடிந்த கையோடு பேரவை கூடியது.

"இன்னா உபதேசியாரே, புள்ளைங்க வந்து போற எடத்துல அம்மைய வெச்சிக்கினு கீறீங்க? போதாக்கொறைக்கு வேப்பில வேற. இது மாதா கோயிலா, மாரியாத்தா கோயிலா?" என்று அந்தோணி மாமா எகிறினார்.

"வேப்பமரத்தையும் ஆண்டவர்தான படைச்சாரு" என்றார் அப்பா.

"பேச்ச மாத்தாதீங்க. பெரிய வெள்ளி வருது. அம்மை கெடந்த எடத்துல ஆக்குன கஞ்சிய எவன் குடிப்பான்? இன்னிக்கே அனுப்பிடுங்க."

பங்குத்தந்தை அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒட்டிக்கிட்டா யாரு பாக்குறது?" என்று கேட்டார்.

"எனக்குச் சின்ன வயசுலயே போட்டுடுச்சி சாமி. இனிமே ஒட்டாது. நான் ஒருத்தனே பாத்துக்கறேன். வேற ஆரும் உள்ள வர வேணாம்."

எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். ஆனாலும் பேரவை ஒரு நிபந்தனை போட்டது. பங்கில் வேறு யாருக்காவது அம்மை கண்டால், பையன்களோடு அப்பாவும் வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பா தலையாட்டிவிட்டு இளநீர் வாங்கப் போய்விட்டார்.

நான் அப்போது மாசமாக இருந்தேன். வீடு இருங்காட்டுக்கோட்டையில். "இந்தப் பக்கமே வந்துடாத" என்று போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன் செய்யும்போதெல்லாம் வேறு யாருக்காவது அம்மை கண்டுவிட்டதா என்றுதான் முதலில் கேட்பேன். வேலையும் வீடும் போனால் அந்த வயதில் அவர் எங்கே போவார்? அவரோ சுடலை ஒரு வாய் கஞ்சி அதிகமாகக் குடித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

பையன்கள் தேறினார்கள். பெரிய வெள்ளிக்கு முன் வரும் குருத்து ஞாயிறு கழிந்ததும் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கூடத்தைக் கழுவிவிட்டு, வல்லக்கோட்டைப் பக்கம் வேறு அறை பார்த்துப் போனார்கள். கண்டம் தாண்டியது என்று நினைத்து நான் பெரிய வெள்ளிக்குக் கிளம்பி வந்தேன்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கரண்டி வேறொருவர் கையில் இருந்தது. அப்பாவுக்கு இடுப்பு வலியாம், காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாராம். நான் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தோணி மாமாவும் ஓட்டு வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து, ஈஸ்டருக்காக வந்திருந்த அப்பாவின் அக்காவிடம் யாரோ நடந்ததைச் சொன்னார்கள். அத்தைக்கு மெதுவாகப் பேச வராது.

"அவனுக்கா? அவனுக்கு எப்ப அம்மை போட்டுச்சி? போட்டது எங்க அண்ணனுக்கு. எங்கள ரெண்டு பேரையும் தூக்கினு எங்கம்மா மாமா வூட்டுக்கு ஓடிடுச்சி. அப்பா வேலைக்குப் போன நேரத்துல, தண்ணி குடுக்கக்கூட ஆளில்லாம அண்ணன் செத்துப் போச்சி."

கஞ்சி வரிசை அப்படியே நின்றது. தனக்கு ஓர் அண்ணன் இருந்ததை அப்பா என்னிடம் சொன்னதே இல்லை. நான் வீட்டை நோக்கி நடந்தேன். ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கிட்ட வராதம்மா. வயித்துல புள்ள." மூச்சு இரைத்தது. கம்பியைப் பிடித்திருந்த கையெல்லாம் கொப்புளம். "கூடத்துச் சாவி வெளிய ஆணில மாட்டிக்கீது. அந்தோணிகிட்ட குடுத்துடு. கொஞ்சம் எழுந்து நடந்ததும் காலி பண்ணிடறேன்னு சொல்லு."

கூட்டம் அசையவில்லை. பெற்ற மகள் நான், ஜன்னலிலிருந்து எட்ட நின்று அழுதுகொண்டிருந்தேன். அதைவிடக் கொடுமையான நேரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. அப்போது வரிசையிலிருந்து சுடலை வெளியே வந்தான். மூவருமே கஞ்சிக்கு வந்திருந்தார்கள்.

"எங்களுக்கு இனி வராதுல்லா. நவுருங்க" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினான்.

மூவரும் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆட்டோக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "என் வண்டில ஏத்துங்கப்பா" என்றார் அந்தோணி மாமா. அவருக்கு அம்மை போட்டதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பங்குத்தந்தை அப்பாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு நெசமாவே போட்டிருக்கு உபதேசியாரே, தழும்பு காட்டவா?" என்றார். அந்த நிலையிலும் அப்பா சிரித்தாராம்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நுரையீரலில் சளி கட்டியிருந்தது. பிழைப்பாரா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. பையன்கள் ஷிப்டை மாற்றிக்கொண்டு, முடியாத நாளில் லீவு போட்டு, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டார்கள். அப்பா பிழைத்தார். பேரனைத் தூக்கிக் கொஞ்சினார். வீட்டைக் காலி செய்வது பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. ஆனால் நெஞ்சு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. போன வருடம் அந்த ஓட்டு வீட்டிலேயே, சுடலை முதுகைத் தடவிக்கொண்டிருக்கும்போது மூச்சு அடங்கியது.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், அடக்கத்துக்கு வந்து நின்றவர்களுக்கும், மறுபடியும் பிடியரிசி டின்னை நிரப்பியவர்களுக்கும் என் நன்றி. அந்தோணி மாமாவுக்கும்தான். அவருடைய அறைகளிலிருந்து இப்போது நோய் என்று யாரையும் வெளியேற்றுவதில்லை. சுடலைக்கும் அவன் நண்பர்களுக்கும் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

இந்த மலர் அச்சுக்குப் போகும் நேரத்தில் கூடத்தில் ஒரு பையன் அம்மையோடு படுத்திருக்கிறான். ஆகவே அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்து சாப்பாட்டுப் பந்தி வெளியே மரத்தடியில் நடக்கும். வாசலில் வேப்பிலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளே போய் அவனுக்குக் கஞ்சி கொடுக்க ஆள் தேவை. ஏற்கெனவே அம்மை போட்டவர்கள் மட்டும் வாருங்கள். போடாதவர்கள் போட்டதாகச் சொல்லிக்கொண்டு வராதீர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் சொன்னது போதும்.