பெட்ரோல் மூடிக்குப் பொட்டு

கார் ஓட என்ன வேண்டும்? பெட்ரோல் வேண்டும், தண்ணீர் வேண்டும், நிதானமான டிரைவர் வேண்டும்... நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓர் ஓட்டையும் வேண்டும் என்பது போன வாரம்தான் தெரிந்தது. ஊசி நுழையும் அளவு ஓட்டை!

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. கோப்பெங் கடைத்தெருவில் ஈப்போ போகும் வாடகைக் காருக்காக நின்றிருந்தேன். ஈயம் தோண்டும் லம்பத்தில் வேலை போய் இரண்டு மாதம். ஈப்போவில் லாரிக்கு மூட்டை ஏற்ற ஆள் எடுப்பதாகக் கேள்வி. காலில் புண் இல்லாவிட்டால் நடந்தே போயிருப்பேன்.

டிரைவர் பெயர் சின்னையா. காரை முதல் நாள் கழுவி, மாலை போட்டு, பூஜை செய்திருந்தார். சக்கரத்துக்குப் பொட்டு, விளக்குக்குப் பொட்டு, ஹாரனுக்குப் பொட்டு. அந்தக் காரில் பெட்ரோல் டேங்க் எஞ்சினுக்குப் பின்னால், உயரத்தில் இருக்கிறது. அதன் மூடி முன் கண்ணாடிக்குக் கீழே நடு நெற்றி மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். நெற்றியைச் சும்மா விடுவாரா? கட்டை விரல் கனத்துக்குச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்திருந்தார்.

கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் ஓடி வந்தாள். பெயர் அங்கம்மாள். எஸ்டேட்டில் ஆயாக் கொட்டகைக்காரி. தாய்மார்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். விடியுமுன் அவள் கொட்டகைக்குப் போய்விட்டாள். அவளுடைய ஆறு வயது மகளைப் புருஷன் ராமசாமி பிறகு கொண்டுவந்து விடுவது வழக்கம். அன்று வரவில்லை. குடியிருக்கும் லயத்துக்குப் போய்ப் பார்த்தால் வீட்டில் இருவரும் இல்லை, பெட்டியும் இல்லை. "ஊருக்குக் கப்பல் ஏறப் போறேன்னு சொன்னாரே, ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டாளாம் பக்கத்து வீட்டுக்காரி.

ஈப்போவில் பத்து மணிக்கு ரயில். அதை விட்டால் கப்பல் கிளம்பும் பினாங்கு. பினாங்கை விட்டால் கடல்தான்.

"அண்ணே, பத்து மணிக்குள்ள போயிரலாமாண்ணே?"

"ஏறு தங்கச்சி. முக்கால் மணி நேரம். என் வண்டி மழைக்கும் நிக்காது, மேட்டுக்கும் நிக்காது."

இரண்டு மைல் போயிருப்போம். மழையும் இல்லை, மேடும் இல்லை. வண்டி இருமியது, விக்கியது, நின்றது.

சின்னையா பெட்ரோல் பார்க்க மூடியைத் திருகினார். 'உஸ்' என்று ஒரு சத்தம். குச்சியை விட்டுப் பார்த்தார். டேங்க் நிறைய இருந்தது. பூஜைக்கென்று விளிம்பு வரை ஊற்றி வைத்தவராயிற்றே! உடனே பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து முன் சக்கரத்துக்குக் கீழே வைத்தார். டேங்க் திறந்திருக்க, தீப்பெட்டியைத் தேடினார்.

"அண்ணே, மூடியப் போட்டுட்டுக் கொளுத்துங்க. இல்லாட்டி ஈப்போவுக்குப் பறந்துதான் போவோம்" என்றேன் நான்.

"பயந்தாங்கொள்ளி! சாமி நெருப்பு சுடாதுலா."

"சாமி நெருப்பு சுடாதுண்ணே. பெட்ரோல் சுடும்."

முறைத்தபடியே மூடினார். கற்பூரம் எரிந்தது. எஞ்சினில் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். வண்டி கிளம்பியது! சின்னையா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

அடுத்த இரண்டு மைலில் மறுபடி நின்றது. இந்த முறை நேராகக் கற்பூரம். பத்துத் தடவை சுற்றினார், அசையவில்லை. சலித்துப்போய் மூடியைத் திறந்தார். உஸ்! மூடினார், சுற்றினார், கிளம்பியது.

"பாத்தியா? சாமி கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்."

அங்கம்மாள் அழவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிம்பாங் பூலாய் பக்கம் மூன்றாம் முறை நின்றபோது, கற்பூரப் பையைத் தேடிய சின்னையாவை அவள் தடுத்தாள். ரயிலுக்கு அரை மணி நேரம்கூட இல்லை.

"அண்ணே, தொறந்தா ஓடுது, மூடுனா நிக்குது. அந்த மூடியில ஓட்ட இருக்கா?"

"மூடியில எதுக்கு ஓட்ட? மூடவா, ஒழுகவா?"

"பால் டின்னுல ஒரு ஓட்ட மட்டும் போட்டா ரெண்டு சொட்டு வந்து நின்னுரும். எதிர்ப் பக்கம் இன்னொன்னு போட்டாத்தான் காத்து உள்ள போயி, பால் வெளிய வரும். நான் தெனம் பத்து டின் ஒடைக்கிறவ. உங்க வண்டி காத்துக்கு அழுவுதுண்ணே."

சின்னையாவின் முகம் மாறியது. ஓட்டை இருந்தது என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது. ஆனால் அதன் மேல் இருப்பது சாமி பொட்டு!

"அது தானா உதிரணும், தங்கச்சி. சொரண்டக் கூடாது. வருசம் பூரா வண்டிக்கு ஆவாது."

அவர் மேலே பேசுவதற்குள் அவள் மூடியிலிருந்த காய்ந்த சந்தனத்தைப் பெயர்த்து, எச்சில் தொட்டுக் குழைத்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டாள். மிச்சத்தைச் சின்னையாவிடம் நீட்டினாள். பிரசாதமாக வந்ததை எப்படி மறுப்பது? அவரும் பூசிக்கொண்டார். தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி ஓட்டையைக் குத்தித் துடைத்தாள். டேங்க் நீளமாக ஒரு மூச்சு இழுத்தது.

அதற்குப் பிறகு வண்டி எங்கும் நிற்கவில்லை.

ஈப்போவில் ஒரு பட்டறைக்காரரிடம் பிறகு விசாரித்தேன். ஓடும்போது பெட்ரோல் குறைகிற இடத்துக்குக் காற்று வர வேண்டுமாம். வராவிட்டால் டேங்க் பெட்ரோலைக் கீழே விடாதாம். நிற்கும்போது இன்னொரு சங்கடம் — வெயிலில் பெட்ரோல் ஆவியாகி மூடியை முட்டுமாம். உள்ளே போக, வெளியே வர, இரண்டுக்கும் அந்த ஒரே ஓட்டைதான் வழி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கே புரிந்துவிட்டது. நாம் எதையும் மரியாதைக்காகத்தான் அப்பி வைக்கிறோம். அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து அப்புகிறோமா?

ஸ்டேஷனில் ரயில் நின்றிருந்தது. அங்கம்மாள் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினாள். புண்ணோடு நானும் பின்னால் போனேன். நான்காவது பெட்டியில் குழந்தை "அம்மா!" என்று கத்தியது.

ராமசாமி வாசலுக்கு வந்தான். கோபம் இல்லை, முகத்தில் ஒரு பெருமைகூடத் தெரிந்தது.

"எனக்குத் தெரியும் புள்ள, நீ ஓடியாருவேன்னு. என்னை விட்டுட்டு இருக்க முடியுமா ஒன்னால? போயி வூடு வாசல் பாத்துட்டு ஒன்னையும் கூப்பிட்டுக்கலாம்னுதான்... சரி, அழுவாத. நான் எறங்கிடறேன்."

அவள் அழவில்லை. ஜன்னல் வழியாகக் கைகளை நீட்டிக் குழந்தையை வெளியே வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீ எறங்க வேணாம். போயிட்டு வா."

விசில் ஊதியது. ஒரு கால் படியிலும் ஒரு கால் பெட்டிக்குள்ளுமாக அவன் நின்றுகொண்டே போனான்.

கப்பல் நாகப்பட்டினம் போய்ச் சேர ஒரு வாரம் ஆகுமாம். அவள் எதற்காக ஓடி வந்தாள் என்று யோசித்துப் பார்க்க, அவனுக்குப் போதுமான நேரம்தான்.