பத்மாவதி மிஸ்ஸி போட மறுத்த ஊசி

உயிலங்குளத்திலிருந்து பத்மாவதி மிஸ்ஸியின் மகள்தான் தொலைபேசியில் சொன்னாள்: "அம்மா காலமை எங்களை விட்டுப் போயிட்டா, அண்ணை." சிலாவத்துறையில் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்ட முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

போர் முடிந்து நாங்கள் சிலாவத்துறையில் மீளக் குடியேறிய காலம். தகரக் கொட்டில்களில் வயதானவர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று இன்புளூவென்சா தடுப்பூசி ஒரு பெட்டி வந்தது. பத்மாவதி மிஸ்ஸி தாதி. நான் அவருடைய உதவியாள். பெட்டியை அடுக்கியவன் நான். ஐஸுக்கும் குப்பிகளுக்கும் நடுவே அட்டை வைக்க மறந்துவிட்டேன்.

பாடசாலை மண்டபத்தில் முதியவர்கள் விடிந்ததிலிருந்து காத்திருந்தார்கள். மிஸ்ஸி பெட்டியைத் திறந்து ஒரு குப்பியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே பனித்துகள். எல்லாக் குப்பியும் அப்படித்தான்.

"வெயிலில வைச்சா உருகிடும் மிஸ்ஸி," என்றேன் மெதுவாக.

"உருகும். ஆனா வேலை செய்யாது, தம்பி."

எழுந்து நின்று சொன்னார்: "மருந்து உறைஞ்சு போச்சு. பிழை எங்கட பக்கம். இண்டைக்கு ஊசி இல்லை."

கதீஜா உம்மாவின் மருமகன் நிஸ்தார் கதிரையைத் தள்ளிவிட்டு வந்தான். "எங்கட சனம் எண்டா பழுதான மருந்தா? மற்ற ஊருக்கெல்லாம் போட்டீங்கதானே!" நாலைந்து பேர் வாசலை மறித்தார்கள். நான் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் சொந்த ஊர்ச் சனம் அது.

மூச்சிழுப்புக்காரியான கதீஜா உம்மா கெஞ்சினார். "இருக்கிறதப் போட்டு விடுங்க மகள். மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

"அந்த ஆறுதல்தான் எனக்குப் பயம், உம்மா. ஊசி போட்டிட்டன் எண்டு காய்ச்சலைக் கவனியாம இருப்பீங்கள்."

யாரும் வழிவிடவில்லை. மிஸ்ஸி பெட்டியை மூடி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மதியம் தாண்டித்தான் வாசலில் கூட்டம் கலைந்தது. அடுக்கியது யார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த பெட்டி வருமுன் கதீஜா உம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சு முட்டியது. செய்தி கிடைத்ததும் மிஸ்ஸி வாகனத்தோடு வந்து மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் உம்மாவின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தார். நிஸ்தார் மிஸ்ஸியின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இருவரையுமே பார்க்கவில்லை. போட்டிருக்க வேண்டிய ஊசி என் கையால் கெட்டது.

உம்மா பிழைத்தார். இரண்டாம் பெட்டி வந்த அன்று அதே மண்டபத்தில் நான் எழுந்தேன். "அண்டைக்குப் பெட்டியை அடுக்கினது நான்," என்றேன். நிஸ்தார் என் சட்டையைப் பிடித்தான். மிஸ்ஸி இடையில் வந்து, "கோபத்தைப் பிறகு பாருங்கோ. முதல் மாமியைக் கூட்டி வாங்கோ," என்றார்.

அவன் தயங்கினான். உம்மாவே முன்னால் வந்து தன் சட்டைக் கையை மேலே தள்ளினார். "அண்டைக்குப் போடமாட்டன் எண்டவ இண்டைக்குப் போடுறன் எண்டா நம்பலாம்."

மிஸ்ஸியை அறிந்தவர்களே, அவருடைய சிரிப்பு, நடை எல்லாம் உங்களிடம் இருக்கும். என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். மருந்துப் பெட்டியை மூடுமுன் இன்றும் பக்கத்தில் நிற்கும் யாரையாவது கூப்பிட்டு, "சரியா இருக்கா, பாருங்க," என்கிறேன். அப்படிக் கேட்க எனக்குக் கூச்சமில்லை.