தேயிலைப் பெட்டி சோபா

தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்தால் மற்றவர்களுக்கு நாக்கு ஊறும். எனக்கு எங்காவது உட்கார வேண்டும் போலிருக்கும். காய்ந்த இலை மணம் மூக்கில் ஏறியதும் முதுகு நிமிர்ந்துகொள்கிறது, கால்கள் சேர்ந்துகொள்கின்றன. 'ஆடாம இரு' என்று அம்மாவின் கண் எங்கிருந்தோ அதட்டுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி. சீவலப்பேரிப் பெரிய வீட்டை விட்டுப் பாளையங்கோட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உச்சி மாடிக்குக் குடிவந்தோம். அம்மாவுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. ஊரிலிருந்து வரும் டவுன் பஸ்ஸை நம்பினால் பிரேயர் முடிந்து, முதல் பீரியடும் முடிந்துதான் போய்ச் சேர முடியும். வேலை நிலைக்க வேண்டுமென்றால் வீடு நிலைக்க வேண்டும். வீடு நிலைக்க வேண்டுமென்றால் பெரியப்பா சரி சொல்ல வேண்டும்.

அப்பாவின் அண்ணன் அவர். வயல், வீடு, அப்பா எல்லாம் அவர் சொல்படிதான். ஒரு நாற்காலிக்கு வழியில்லாத அந்தப் புறாக்கூட்டில் பிள்ளையைத் தரையில் உருளவிட்டு, காற்றில்லாமல் வெந்து, ஆடிக்குள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். பால் காய்ச்சிய அன்றும் வரவில்லை. பிறகு வந்து பார்க்கிறேன் என்று ஆள் சொல்லி அனுப்பினார். அப்பா ஜங்ஷனில் உரக்கடை வேலைக்குக் கிளம்பும்போது, அண்ணன் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் மூட்டையைக் கட்டிவிடலாம் என்று, மழை வந்தால் குடை எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வீடோ வெறும் சுவரும் சன்னலுமாக, யாராவது தும்மினால் திருப்பித் தும்மியது. கையில் இருந்ததையெல்லாம் அட்வான்ஸ் விழுங்கியிருந்தது. முதல் சம்பளம் இன்னும் வரவில்லை.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, மாஞ்சோலை மலையில் தேயிலை எஸ்டேட்டில் வேலை. மலையிலிருந்து இறங்கிய லாரியில் காலித் தேயிலைப் பெட்டிகளை ஏற்றி வந்திருந்தார். தேயிலையைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டதால் பெட்டிகள் கொட்டகைக்குப் பின்னால் சும்மா கிடந்தனவாம். பலகை உடம்பு, விளிம்பெல்லாம் தகரப் பட்டை, உள்ளே ஈயத்தாள். ஒவ்வொன்றாகத் தலையில் வைத்து அவர் படியேறியபோது, ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து மூடியது. இத்தனை கலர் டிவி வாங்கும் இந்த டீச்சர் யார் என்று கீழ்வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

அம்மா பெட்டிகளைக் கவிழ்த்து வரிசையாக நிறுத்தினாள். பின்னால் பலகை வைத்து ஆணி அடித்தாள். பழைய மெத்தையைப் பிரித்து இலவம்பஞ்சை வெயிலில் உலர்த்தி, திண்டு தைத்தாள். பஞ்சு பறந்து அவள் புருவம் வெளுத்திருந்தது. கல்யாணத்துக்கு வந்த அரக்குச் சேலைகளில் ஒன்று அதன்மேல் விரிந்தது, இன்னொன்று திரையாகத் தொங்கியது. என் பிளாஸ்டிக் வளையல்கள் திரையின் வளையங்களாயின. காற்றடிக்கும் போதெல்லாம் சன்னல் கை வீசி நடப்பதுபோல் சத்தம் வந்தது. மாமா பைய உட்கார்ந்து பார்த்தார்.

"ராசா வந்தாலும் தாங்கும்க்கா. குதிக்காத ராசாவா இருந்தா நல்லது."

பெரியப்பா ஒரு பள்ளிக்கூட நாள் காலையில் வந்தார். லோடு இறக்குவதற்காக அப்பா முன்னதாகவே போய்விட்டார். அம்மா கைப்பையோடும் நான் சீருடையோடும் வாசலுக்கு வந்துவிட்டோம். அவர் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மறைந்தாள். தம்பி பெண்டாட்டியிடம் அண்ணன் நேராகப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. நடுவில் ஓர் ஆள் வேண்டும். இருவர் காதிலும் ஏற்கெனவே விழுந்துவிட்ட சொல்லை அந்த ஆள் மறுபடியும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அன்று அந்த ஆள் நான். தபால்காரருக்குரிய மிடுக்கு எனக்கு.

அவர் குழாயைத் திறந்து பார்த்தார். சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு சோபாவில் உட்கார்ந்தார். பெட்டிகள் முனகின. அவ்வளவுதான். நான் மூச்சை விட்டேன்.

உச்சி மாடி, காலை வெயிலே மண்டையைப் பிளக்கும். பலகை சூடேறி மணக்கத் தொடங்கியது. பெரியப்பா மூக்கை உறிஞ்சினார்.

"ஏட்டி, தேயில மணக்கு. டவுனுக்கு வந்ததும் காப்பிய விட்டுட்டீயளான்னு ஒங்க அம்மைட்ட கேளு."

காப்பிதான் போட்டிருக்கிறது என்று கதவு சொன்னது. நான் அதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். தபால்காரருக்குத் திடீரென்று சொந்தக் கடிதம் எழுத ஆசை வந்துவிட்டது.

"அது சோபா வாசம் பெரியப்பா."

அவர் எழுந்தார். சேலையின் ஓரத்தைத் தூக்கினார். தகரப் பட்டை பளிச்சென்றது. பலகையில் அடித்திருந்த எஸ்டேட் முத்திரை எழுத்துகளைத் தலையைச் சாய்த்துப் படித்தார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம்கூட இல்லை. சன்னல்கூடச் சும்மா இருந்தது.

"ஆணி அடிச்சது யாரு?"

அம்மா என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து, சம்பளம் வந்ததும் மாற்றிவிடுவோம் என்று சொல்லச் சொன்னாள். குரல் உடைந்திருந்தது. நான் உடைசல் இல்லாமல் கொண்டு சேர்த்தேன்.

அடிக்க ஏதாவது இருக்கிறதா என்றார் அவர். கதவிடுக்கில் அம்மிக்குழவி நீண்டது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். நொறுக்கிவிடப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். டம், டம். கண்ணைத் திறந்தால், பெரியப்பா மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு, பலகையைத் துளைத்து வெளியே நின்ற ஆணி முனையை மடக்கி அடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பிடி விட்டா வார ஆளு வேட்டியெல்லாம் கிழியும்னு சொல்லு."

சேலையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து, இந்த முறை நன்றாகச் சாய்ந்து, நான் கொண்டுவந்து கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, முதல் படியில் இறங்கி நின்று, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார்.

"கார் அறுப்பு வந்தா நெல்லு போட எடம் பத்தாது. அங்கன உள்ள ஒங்க ரூம நான் எடுத்துக்கிடுதேன்னு ஒங்க அம்மைட்ட சொல்லு."

நான் சொல்லவில்லை. நான் பிறந்து தவழ்ந்த அறை அது. எங்களை ஒரேயடியாகத் துரத்துகிறார் என்று நினைத்தேன். பெட்டியைக் காட்டிக்கொடுத்த என் வாயால்தான் இது வந்தது என்றும் நினைத்தேன். சீருடைக் கையால் கண்ணைத் துடைத்தபடி திரும்பினால், அம்மா கதவை விட்டு வெளியே வந்து நின்றாள். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அறை போனதற்கு யாராவது இப்படிச் சிரிப்பார்களா? நடுவில் நான் நிற்கும்போதே என்னைத் தாண்டி இருவரும் பேசிக்கொண்டது அதைவிடப் பெரிய அநியாயமாகப் பட்டது.

"மேக்குச் சொவர்ல ஓதம் ஏறும் அத்தான். கீழ பலகை போட்டு அடுக்கச் சொல்லுங்க."

"அடுக்கிக்கிடுதேம்மா. நீ கெளம்பு, பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சுல்லா."